வாங்கிய வாளும் செய்த வாளும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)

"அந்த வாளை நீயே செஞ்சியா?"

ஒரே ஒரு கேள்விதான். ஆனால் காஸ்ப்ளே உலகத்தில் இந்தக் கேள்வியால் மனஸ்தாபம் ஆனவர்களும் உண்டு, 'போதும்டா சாமி' என்று ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. "ஆமா, நானே செஞ்சேன்" என்றால் தோளில் தட்டிக் கொடுப்பார்கள். "இல்லீங்க, கடையில வாங்கினது" என்றால்... ஒரு சின்ன "ஓஹோ" வரும். அந்த "ஓஹோ"வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நண்பர்களே, தோழிகளே! காஸ்ப்ளே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக முதலில் நாலு வரி. சினிமா, காமிக்ஸ், கார்ட்டூன், வீடியோ கேம் இவற்றில் வரும் ஒரு பாத்திரத்தைப் போலவே உடுத்திக்கொண்டு, ரசிகர்கள் கூடும் கான்வென்ஷனில் நாள் முழுக்க அந்தப் பாத்திரமாகவே உலா வருவதுதான் காஸ்ப்ளே. 'காஸ்ட்யூம்', 'பிளே' என்ற இரண்டு சொற்களையும் ஜப்பானியர்கள் தங்கள் வழக்கப்படி வெட்டி ஒட்டியதில் பிறந்த சொல் இது. 1983-ல் நோபுயுகி தகஹாஷி என்பவர் 'மை அனிமே' என்ற ஜப்பானியப் பத்திரிகையில் எழுதிய பிறகு பரவியது. கையில் பிடிக்கும் வாள், கேடயம், தலைக்கவசம், மார்புக்கவசம் மாதிரியான சாமான்களை 'ப்ராப்' என்பார்கள். நம்மூர் சினிமாக்காரர்கள் 'ப்ராப்பர்ட்டி' என்று சொல்வதும் இதைத்தான்.

பெயர் ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கு

சொல்லுக்குத்தான் வயது குறைவு. வேலை அதற்கு நாற்பத்து நாலு வருஷம் மூத்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஃபாரஸ்ட் அக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இருவர் வந்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் கோட்டும் டையுமாக இருக்க, இவர்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்கால மனிதர்களின் உடையில்! 1936-ல் வந்த 'திங்ஸ் டு கம்' படத்தையும், ஃபிராங்க் பால் என்ற ஓவியர் பத்திரிகைகளுக்கு வரைந்த படங்களையும் பார்த்து உருவான உடை அது.

அக்கர்மன் பின்னாளில் பெரிய பத்திரிகை ஆசிரியர் ஆனார். காஸ்ப்ளேயின் தந்தை என்று பலரும் அவரைத்தான் எழுதினார்கள். ஆனால் அந்த இரண்டு உடைகளையும் வடிவமைத்து, துணி வெட்டி, தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். ரசிகர் வட்டத்தில் 'மொரோஜோ' என்று அழைக்கப்பட்டவர். அக்கர்மன் போட்டுக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான். இன்றைய கறார் பேர்வழிகளின் கணக்குப்படி பார்த்தால், காஸ்ப்ளேயின் 'தந்தை'யே அடுத்தவர் தைத்ததைப் போட்டுக்கொண்டவர்தானே! தைத்த பெண்மணியின் பெயரோ வெகுகாலம் பின்வரிசையிலேயே கிடந்தது.

அடுத்த வருஷம், 1940-ல், சிகாகோ மாநாட்டில் உடைப் போட்டியே வைத்துவிட்டார்கள். 'மாஸ்கரேட்' என்று பெயர். அப்போது எல்லோரும் கையால்தான் செய்தார்கள். பெருமைக்காக அல்ல. கடையில் கிடைக்காது, அதனால். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கையால் செய்தது எல்லாம் உசத்தி என்பவர்களுக்கு ஒரு தமாஷ் சொல்கிறேன். 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டு மாஸ்கரேடில் ஸ்காட் ஷா என்ற கார்ட்டூனிஸ்ட், உடம்பெல்லாம் நிலக்கடலை வெண்ணெய் பூசிக்கொண்டு மேடை ஏறினார். முழுக்க முழுக்கக் கைவேலைதான், சந்தேகமே இல்லை! விளக்குச் சூட்டில் அது இளகி நாற்றமடித்து, பக்கத்தில் நின்றவர்கள் மாதக்கணக்கில் தைத்த உடைகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு "நிலக்கடலை வெண்ணெய் கூடாது" என்று ஒரு விதியே வந்தது.

சரி, கையால் எப்படிச் செய்கிறார்கள்?

நாம் டிப்ளமோக்காரர்கள். இந்த இடத்தில்தான் நமக்கு வாய் ஊறும். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இன்று கவசம் செய்பவர்களில் பெரும்பாலோர் கையில் எடுப்பது ஈ.வி.ஏ. ஃபோம். பயந்துவிடாதீர்கள், நம் காலில் கிடக்கும் செருப்பின் அடிப்பாகத்திலும், ஜிம்மில் தரையில் கோர்த்துப் போடும் மேட்டிலும் இருக்கும் அதே சரக்குதான். 2 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் வரை பல கனத்தில் கிடைக்கும். முதலில் பேப்பரில் பேட்டர்ன் வரைய வேண்டும். ஷீட் மெட்டலில் 'டெவலப்மென்ட்' போடுகிறோமே, சிலிண்டரையும் கோனையும் விரித்து வரைவது, அதே கணக்குதான். தோள்கவசம் என்பது கோளத்தின் ஒரு துண்டு. தட்டையான தகட்டை வளைத்து அதைக் கொண்டுவர வேண்டுமென்றால் எங்கே 'டார்ட்' வெட்டுவது என்று யோசிக்க வேண்டும். டிராயிங் பீரியடில் தூங்கியவன் இங்கே மாட்டிக்கொள்வான்.

வெட்டிய துண்டை ஹீட் கன் காட்டிச் சூடு பண்ணுவார்கள். மேல்பரப்பிலுள்ள நுண்துளைகள் மூடி லேசாகப் பளபளப்பு வரும். அந்தச் சூட்டிலேயே வளைத்துப் பிடித்தால் ஆறியதும் அப்படியே நிற்கும். பிறகு ஒட்டுவது. செருப்புத் தைப்பவர் சொல்யூஷன் போடுவாரே, அதே இனம்தான் இந்த கான்டாக்ட் சிமென்ட். இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டுச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் சேர்த்ததுதான். அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பிரித்து எடுக்க முடியாது. அப்புறம் சீலர், பெயின்ட், கடைசியில் பழையது போலத் தெரிய கறுப்பு மை தடவித் துடைப்பது. ஃபோமைத் தேய்க்கும்போதும் சூடாக்கும்போதும் மூக்கில் மாஸ்க் கட்டாயம். அந்தத் தூளும் புகையும் நுரையீரலுக்கு ஆகாது.

இன்னொரு சரக்கு 'வொர்ப்லா' என்ற ஜெர்மன் தெர்மோபிளாஸ்டிக் தகடு. 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும். பசையே வேண்டாம், சூட்டில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். வெட்டி மிச்சமான துண்டுகளைச் சூடாக்கிப் பிசைந்து மறுபடி உபயோகிக்கலாம். விலைதான் கையைக் கடிக்கும்.

மூன்றாவது, எல்லாக் குழப்பத்துக்கும் எண்ணெய் ஊற்றியது: 3டி பிரிண்டர். 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய 'ரெப்ராப்' திட்டமும், 2009-ல் ஸ்ட்ராடசிஸ் கம்பெனியின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியானதும் சேர்ந்து, இந்த மெஷினை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டன. இப்போது கேள்வி என்னவென்றால், இன்னொருவர் வரைந்த ஃபைலைக் காசு கொடுத்து வாங்கி, மெஷினில் போட்டு, ராத்திரி தூங்கி எழுந்து எடுத்த ஹெல்மெட்டை 'கையால் செய்தது' என்று சொல்லலாமா?

"பட்டனைத் தட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்பவர்கள் ஒருமுறையாவது பிரிண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். மெஷினிலிருந்து வரும் ஹெல்மெட் முழுக்க அடுக்கு அடுக்காக வரி ஓடும். துண்டுகளைச் சேர்த்து, இடுக்கில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் அடித்து, மறுபடி உப்புத்தாள் போட்டு... டிங்கரிங் ஷாப்பில் கார் கதவுக்குச் செய்யும் அத்தனை வேலையும் உண்டு. இவ்வளவும் செய்து, பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்த அந்த ஹெல்மெட்டை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டால் தீர்ந்தது. அது 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும். சாயங்காலம் வந்து பார்த்தால் வீரனின் தலைக்கவசம் நசுங்கிய பரங்கிக்காய்!

என் கட்சி இதுதான்: ஃபைலை வரைந்தவருக்கு வரைந்ததற்கான பெயர், பட்டி பூசித் தேய்த்தவருக்குத் தேய்த்ததற்கான பெயர். சி.என்.சி.யில் புரோகிராம் போட்டுக் கடைந்த ஷாஃப்டை 'நீ செய்யலை, மெஷின் செய்தது' என்று எந்த ஃபோர்மேனும் சொல்வதில்லையே!

கடையில் வாங்குகிறவன் சோம்பேறியா?

கையால் செய்தால் மலிவு என்று ஒரு நம்பிக்கை. காஸ்டிங் பாடத்தில் மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட் என்று மூன்று தலைப்பு படிக்கிறோம். ப்ராப் செய்கிறவன் சாதாரணமாக முதல் தலைப்பை மட்டும் கணக்கில் எடுப்பான். ஹீட் கன், ரோட்டரி டூல், பிளேடு, மாஸ்க், பெயின்ட் எல்லாம் எங்கே? வேலை செய்ய ஒரு ஷெட்டோ மாடியோ வேண்டாமா? வாடகை அறையில் நாலு பேரோடு தங்கியிருப்பவன் எங்கே உட்கார்ந்து சொல்யூஷன் அடிப்பான்? ஒரு பேச்சுக்கு, ஒரு கவசத்துக்கு 60 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு வாரம் 5 மணி நேரம் ஒதுக்குகிறவனுக்கு அது மூன்று மாத வேலை. 'நானே செய்தேன்' என்று சொல்ல முடிவதற்கே ஒரு வசதி வேண்டியிருக்கிறது. கை நடுங்குகிறவர், கண்பார்வை குறைந்தவர், கைக்குழந்தை வைத்திருப்பவர்... இவர்கள் எல்லாம் அந்தப் பாத்திரத்தை விரும்பக்கூடாதா?

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். பணத்திமிர் என்று ஒன்றும் இருக்கிறது. பெரிய தொகை கொடுத்து ஒரு நிபுணரிடம் கமிஷன் போட்டுச் செய்யச் சொல்லி, செய்தவர் பெயரை வாயே திறக்காமல், போட்டோவுக்குப் போஸ் கொடுத்து, "எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்டால் மையமாகச் சிரிக்கிறார்களே, அவர்களைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும். அந்தக் கோபம் வாங்கியதற்காக அல்ல, மறைத்ததற்காக. மிர்ட்டில் டக்ளஸ் கதைதான் அங்கே திரும்ப நடக்கிறது.

'கடையில் வாங்கியது' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறோமே, அந்தக் கடைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? சீனாவின் ஷாண்டோங் மாநிலத்தில் சாவோ மாவட்டம் என்று ஒன்று. அங்குள்ள தாஜி என்ற ஊர் மேடை உடைகளுக்குப் பேர்போனது. விவசாயக் குடும்பங்கள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, இணையக் கடை வழியாக நாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் பள்ளி விழாவுக்கும் உடை தைத்து அனுப்ப ஆரம்பித்து, பிழைப்புக்காக வெளியூர் போன இளைஞர்கள் பலர் ஊர் திரும்பும் அளவுக்கு வளர்ந்த தொழில். 'ஹான்ஃபு' என்ற பாரம்பரிய உடைக்கும் இன்று அந்த மாவட்டம் பெரிய சந்தை. காஸ்ப்ளே உடைகளும் இதே மாதிரிப் பட்டறைகளில்தான் தைக்கப்படுகின்றன. துணியை மெஷினில் தள்ளுவது அங்கேயும் ஒரு மனுஷியின் கைதான். 'ரெடிமேட்' என்கிற சொல் அந்தக் கையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அவர் பெயர் எந்த மேடையிலும் வாசிக்கப்படப் போவதில்லை.

இன்னொரு வேடிக்கை. 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் வருவார்களே, அந்த ஹெல்மெட்டுகளை வேக்யூம் ஃபார்மிங் முறையில் செய்து கொடுத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போட்டுக் காற்றை உறிஞ்சி வடிவம் எடுப்பது. பல வருஷம் கழித்து அவரே அந்த ஹெல்மெட்டுகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். லூகாஸ்ஃபிலிம் கம்பெனி வழக்குப் போட்டது. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2011-ல், அந்த ஹெல்மெட் 'சிற்பம்' அல்ல, படம் எடுக்கப் பயன்பட்ட ஒரு உபயோகப் பொருள் என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கக் காப்புரிமை பற்றிய பகுதியில் தீர்ப்பு அவருக்குப் பாதகம், அது வேறு கதை. நம் கேள்வி இதுதான்: ஐன்ஸ்வொர்த்திடம் காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருப்பது 'கடைச்சரக்கா', 'அசலா'? படத்தில் வந்ததே ஒருவர் கூலிக்குச் செய்து கொடுத்ததுதானே!

அப்படியானால் போட்டி?

இங்கேதான் விஷயம் சிக்கல். உலவுவது வேறு, பரிசுக்கு நிற்பது வேறு. செய்நேர்த்திக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டு, வாங்கி வந்தவருக்குக் கொடுத்தால் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தவன் வயிறு எரியாதா? ஃபிட்டிங் ஷாப்பில் சீனியர் போட்ட 'வி' ஜாயின்ட்டில் நம்பரை மட்டும் மாற்றிக் குத்திக் கொடுத்து மார்க் வாங்கும் ஆசாமிகளை நாம் பார்க்காததா!

இதற்குப் பெரிய போட்டிகள் வைத்திருக்கும் வழி தெளிவானது. ஜப்பானின் நாகோயாவில் 2003 முதல் நடக்கும் உலக காஸ்ப்ளே மாநாட்டின் சாம்பியன்ஷிப்பில் போட்டியாளர்கள் தாங்களே செய்த உடையோடுதான் மேடை ஏற வேண்டும். சான் டியாகோ காமிக்-கான் மாஸ்கரேடிலும் விலைக்கு வாங்கிய உடைக்கும் வாடகை உடைக்கும் இடமில்லை. ஆனால் அரங்கத்தில் உலாவ யாருக்கும் தடை கிடையாது.

இதையும்விட எனக்குப் பிடித்தது அமெரிக்க மாஸ்கரேடுகளில் 1980-களின் தொடக்கத்தில் வந்த ஒரு ஏற்பாடு. வருஷா வருஷம் அதே நாலு ஜாம்பவான்களே பரிசை அள்ளிக்கொண்டு போக, புதியவர்கள் மிரண்டு போய் மேடைப் பக்கமே வராமல் இருந்தார்கள். பெக்கி கென்னடி என்ற உடைக் கலைஞர் தந்த யோசனைப்படி புதியவர், தேறியவர், வல்லுநர் என்று மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். கீழ் வகுப்புக்காரர் விரும்பினால் மேல் வகுப்பில் மோதலாம். மேல் வகுப்புக்காரர் கீழே இறங்கிவந்து சின்னப் பையன்களை அடிக்க முடியாது! மேடையில் எப்படித் தோன்றினார் என்பதற்குத் தனி மதிப்பீடு. செய்நேர்த்திக்குத் தனி நடுவர், மேடைக்குப் பின்னாலேயே தையலைத் திருப்பிப் பார்த்து மார்க் போடுவார். அந்தப் பரிசோதனைக்கு விருப்பப்பட்டவர்கள் மட்டும் போனால் போதும்.

நேர் எதிர்த் திசையில் ஒரு உதாரணம், 1997-ல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய '501-வது லீஜன்' என்ற ஸ்டார் வார்ஸ் உடைச் சங்கம். கறார் என்றால் கறார், அப்படி ஒரு கறார். பெல்ட்டின் அகலம், பூட்ஸின் வகை, ஹெல்மெட்டில் உள்ள கோடுகள் எல்லாம் நிர்ணயித்தபடி இருந்தால்தான் உறுப்பினராக முடியும். ஆனால் "யார் செய்தது?" என்பது அங்கே நுழைவுத் தகுதி அல்ல. சொந்தமாகச் செய்தாலும் சரி, இன்னொரு உறுப்பினரிடம் கிட் வாங்கிப் பொருத்தினாலும் சரி, பொருள் தரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிட் வாங்கினாலும் தகடுகளைத் தன் உடம்புக்கு ஏற்ப வெட்டி, அராவி, ஒட்டித்தான் ஆக வேண்டும். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு இந்த வெள்ளைக் கவசத்தோடு போய் நிற்கும்போது எந்தக் குழந்தையும் ரசீது கேட்பதில்லை.

வாளோடு நிற்பதில்லை இந்த வியாதி

"நீயே செய்தாயா?" என்பது பல நேரங்களில் வாளைப் பற்றிய கேள்வியே அல்ல. "நீ எங்க ஆளா?" என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. வாள் பரீட்சையில் தேறினால் அடுத்து உயரம், உடம்பு, நிறம் என்று போகும். கறுப்பினத்தவர் ஒரு வெள்ளைப் பாத்திரத்தின் உடையைப் போட்டால் "பொருத்தமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் இருந்ததால்தான், 2015-ல் சாகா கம்பர்பாட்ச் என்ற அமெரிக்கப் பெண், பிப்ரவரி மாதத்தின் 28 நாளும் கறுப்பினக் காஸ்ப்ளேயர்களின் படங்களை முன்னிறுத்தும் இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் படங்களில் அற்புதமான கைவேலைகளும் இருந்தன. கைவேலை இருந்துமே ஏளனம் வந்தது என்றால், பிரச்சினை எங்கே இருக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1940-ல் கடை இல்லாததால் கையால் செய்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கட்டாயத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் கௌரவமாக ஆக்கிக்கொண்டார்கள். கைவேலைக்கு மரியாதை வேண்டும், எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஃபைல் பிடித்துக் கை காய்ப்பு காய்த்தவர்கள் நாம், நமக்கா தெரியாது! ஆனால் மரியாதை என்பது செய்தவனுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது. வாங்கியவனிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பது அல்ல.

நம் பக்கமும் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. 2011-ல் டில்லியில் தொடங்கிய காமிக் கான் இந்தியா, 2024-ல் சென்னைக்கும் வந்தது. நம்மில் யாராவது போவதாக இருந்தால் சில சங்கதிகள். வாளோ துப்பாக்கியோ எடுத்துப் போனால் வாசலில் சோதனை உண்டு. உலோகம் வேண்டாம், கூர்முனை வேண்டாம், ஃபோம் நல்லது. 2017-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர காமிக்-கானுக்குள் ஒருவன் நிஜத் துப்பாக்கிகளோடு நுழைந்து கைதானான். அதன் பிறகு அந்த நிகழ்ச்சியில் ஆயுத ப்ராப்புகளையே தடை செய்தார்கள். எனவே அசல் போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கியைக் கடையில் வாங்கிப் பேருந்தில் எடுத்துப் போகும் வீரதீரம் வேண்டவே வேண்டாம்.

போட்டியில் கலந்துகொள்வதானால் விதியை முழுக்கப் படியுங்கள், எத்தனை பங்கு சொந்த வேலையாக இருக்க வேண்டும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். முதல் பேப்பர் பேட்டர்னிலிருந்து கடைசிப் பெயின்ட் வரை போட்டோ எடுத்து ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். நம் லேப் ரெகார்டு மாதிரியேதான், நடுவர் கேட்டால் அதுவே சாட்சி. விக் வாங்கியது, பூட்ஸ் வாங்கியது, கவசம் நான் செய்தது, தையல் அம்மா போட்டது என்று பகுதி பகுதியாக எழுதுங்கள். அம்மா பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.